டொர்வலீனாவின் சொந்தப் போர்வை

ஜூன் பிறந்தால் எங்கள் ஊரில் கிழியாத கால்சட்டைக்கு ஒட்டுப் போட வேண்டும். அந்தோணியார் திருவிழாவில் ஆடுகிற பிள்ளைகள் பட்டிக்காட்டு வேஷம் கட்டியாக வேண்டும். பட்டிக்காட்டான் என்றால் முழங்காலில் ஒட்டு இருந்தாக வேண்டும். புதுத்துணியில் ஒட்டா என்று கேட்டால், அதுதான் வழக்கம் என்போம். அத்தனை கால்சட்டையும் வந்து குவிகிற இடம் என் பக்கத்து வீடு, டொர்வலீனாவின் வீடு.

அவளுக்கு மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை. பொழுதுக்கும் நின்றபடியே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவாள். ஜூனும் ஜூலையும்தான் எங்கள் மினாஸ் மலையில் குளிர்காலம்; அந்தக் குளிரில் ஊரே நடுங்கும்போது அவள் மட்டும் வியர்த்துக் கொட்டி வீடு திரும்புவாள். காபியைக் குடித்துவிட்டு நேரே தையல் மெஷின் முன்னால் உட்காருவாள்.

"ஏண்டி, செத்த நேரம் படுக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படுத்தா தூங்கிருவேன். எழுந்தா மறுபடியும் இஸ்திரிதான். தைக்கும்போதுதாண்டி நான் உக்காந்திருக்கேன்னு எனக்கே தெரியுது."

கல்யாணம் ஆகவில்லை. தாய் போன பிறகு வீட்டில் ஒற்றை ஆள். தன் பாவாடை சட்டையைத் தானே தைத்துக்கொள்வாள். மிஞ்சிய துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பாள். அவள் பாட்டுக்கு, அவள் ஆசைக்கு. மற்றவர்கள் கேட்க ஆரம்பித்ததுதான் வினை.

"உனக்குத்தான் பிடிக்குமே!" இதுதான் ஊர் கற்றுவைத்திருந்த மந்திரம். ஜிப் போய்விட்டதா, கொண்டு போ, அவளுக்குத்தான் பிடிக்குமே. பாவாடை நீளமா, மடித்து அடிக்கட்டும், அவளுக்குத்தான் பிடிக்குமே. பிடித்த வேலைக்கு யார் கூலி கொடுப்பார்கள்? போர்வைகளும் இப்படியே போயின. ஒன்றை முடிப்பதற்குள் யாருக்காவது கல்யாணம் நிச்சயமாகும், இல்லை பிள்ளை பிறக்கும். பாதிரியார் கட்டிலில் ஒன்று, ரொட்டிக் கடைக்காரர் வீட்டில் ஒன்று, என் வீட்டிலும் ஒன்று. அவள் மட்டும் பழைய கோட்டை மேலே போட்டுக்கொண்டு சுருண்டு படுப்பாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இது எனக்கு" என்றாள். மிச்சம் மீதி இல்லை. பெரிய பெரிய பூப்போட்ட சீட்டித் துணியாகப் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள். சிவப்பில் மஞ்சள் பூ, நீலத்தில் சிவப்புப் பூ. ஞாயிறு தவிர வேறு நாளில் அதைத் தொடமாட்டாள். அலுத்த கையோடு தைத்தால் தையல் இழுத்துக்கொள்ளுமாம். இந்த வருஷம் மே கடைசியில்தான் முடித்தாள். போய்ப் பார்த்தால், கட்டிலில் அதை விரித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் குறுக்கே கிடந்தாள்.

"இத யாருக்கும் தரமாட்டேன். செத்தாலும் என் மேல போட்டுத்தான் எடுக்கணும்."

"மண்ணுக்குள்ள போறதுக்கு இவ்வளவு பூ எதுக்குடி?"

சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அவளுடைய தம்பி வால்திர், காபி மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டவன், ஆபரேஷன் முடிந்து எழுந்து நடக்க ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி ஜந்தீரா ஒரு டப்பா கொய்யாப்பழ அல்வாவோடு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அண்ணி, உங்க தம்பி நடக்கறாரு! எல்லாம் அந்தோணியார் தயவு."

"ரொம்ப நல்லதும்மா."

"ஆபரேஷன் அன்னிக்கு நான் ஒரு பொருத்தனை வச்சேன். இவரு காலு சரியாச்சுன்னா, திருவிழா ஏலத்துக்கு அந்தப் போர்வையக் குடுக்கறேன்னு."

டொர்வலீனா வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். "எந்தப் போர்வைய?"

"உங்க பூப்போட்ட போர்வையத்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, உன் கோழியக் குடுக்கறேன்னு வேண்டியிருக்கலாமே?"

"கோழியா? எவ்வளவு பெரிய ஆபரேஷன்! கோழி எந்த மூலைக்கு?"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஆனால் எங்கள் ஊரில் இது புதிதும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் தீர்ந்தால் ஏழு வயதுவரை முடி வெட்டமாட்டேன் என்று தாய் வேண்டிக்கொள்வாள். பின்னலோடு பள்ளிக்கூடம் போய்க் கேலி கேட்கிறவன் மகன். வேண்டுவது ஒருத்தர், தீர்ப்பது இன்னொருத்தர்.

"வேற ஒண்ணு தச்சுத் தரேனே, ஜந்தீரா."

"சாமிகிட்ட சொன்னது இதத்தானே, அண்ணி? பேச்சு மாத்தி, நாளைக்கு அவரு காலு மடங்கிட்டா?"

தம்பியின் காலைக் காட்டிப் பயமுறுத்தினால் டொர்வலீனா என்ன செய்வாள்? அவனுக்குச் சோறூட்டி வளர்த்தவளே அவள்தான். போர்வையை மடித்துக் கொடுத்துவிட்டாள்.

ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. ஏலத்தில் எடுத்ததை, எடுத்தவர் விரும்பின ஆளுக்குக் கொடுக்கலாம். எத்தனையோ பேர் பெரிய விலைக்கு எடுத்து, செய்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அது ஒரு மரியாதை. வால்திரும், "கவலப்படாதக்கா, நானே எடுத்துடறேன்" என்று சொல்லியிருந்தான். "சாமிக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு" என்றாள் டொர்வலீனா என்னிடம். அன்றைக்குக் கட்டிலில் புது விரிப்புப் போட்டுவிட்டுத்தான் திருவிழாவுக்கே வந்தாள்.

கோயில் முற்றத்தில் தீ மூட்டியிருந்தார்கள். பொரித்த கோழி போயிற்று, சோளக் கேக் போயிற்று, பன்றிக்குட்டி ஒன்று கத்திக்கொண்டே போயிற்று. பிறகு ஏலம் விட்டுக்கொண்டிருந்த கசாப்புக்கடை ஒசோரியோ போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். பின்னால் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரி கேட்டாள், வால்திர் ஏற்றினான். அவள் ஏற்றினாள், அவனும் விடவில்லை.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! வால்திருக்கு!"

கை தட்டினார்கள். டொர்வலீனா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் ஜந்தீரா ஓடிப்போய் வாங்கி, அதை வால்திரின் மடியில் போட்டு முழங்காலைச் சுற்றிக் கட்டினாள்.

"இந்தக் காலுக்காக வேண்டினது. இனி இந்தக் கால் மேலதான் கெடக்கணும்!"

மறுபடியும் கைதட்டல். வால்திர் அக்காளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். சூதுவாது தெரியாத சிரிப்பு. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"நீ இன்னொண்ணு தச்சுக்கக்கா. உனக்குத்தான் பிடிக்குமே!"

"ஆமாண்டா" என்றாள் டொர்வலீனா. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை.

மறுநாளிலிருந்து மெஷினுக்கு மூடி போட்டுவிட்டாள். அதன் மேல் பீன்ஸ் சட்டி ஏறி உட்கார்ந்தது. துணி கொண்டு வந்தவர்களிடம் "கை வலி" என்றாள். எண்ணெய் தடவச் சொன்னார்கள், வெந்நீரில் வைக்கச் சொன்னார்கள். வேறொன்றும் யாருக்கும் தோன்றவில்லை.

ஜூலையில் குளிர் கடித்தது. நான் என் வீட்டுப் போர்வையை எடுத்துக்கொண்டு போனேன். "இந்தாடி, நீ தச்சதுதானே, போத்திக்க."

"வேணாம். அதப் பாத்தா கை வலிதான் ஞாபகம் வருது. எங்கிட்ட ஒண்ணு இருக்கு, வா."

கட்டிலில் கிடந்தது சந்தையில் லாரியில் வைத்து விற்கிற நைலான் கம்பளி. நடுவில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு புலி.

"ஐயோ, என்னடி இந்தக் கண்றாவி!"

"கண்றாவிதான். ஆனா கதகதன்னு இருக்கு" என்று உள்ளே நுழைந்து கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். ஒரு பக்கம் ஓரத் தையல் விட்டுப்போய் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. என் கை சும்மா இருக்கவில்லை, நூலைப் பிடித்தேன்.

"இவ்வளவு தையல் தெரிஞ்சவ, இத அடிச்சுப் போடக் கூடாதா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "அத அப்படியே விடுடி. நல்லா இருந்தா யாராவது கேப்பாங்க."