மயில்கழுத்து மீன்

ஸ்ரீவராகத்தில் மீன் மாமி வீடு எது என்று கேட்டால், குளத்தில் துணி துவைப்பவர்கள்கூடச் சோப்புக் கையோடு திரும்பி வழி காட்டுவார்கள். மீன்காரி கூடையை இறக்காத அக்ரஹாரத் தெரு அது. முனையிலேயே குரலை அடக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். அப்படிப்பட்ட தெருவில் ஒருத்திக்கு இந்தப் பெயர் வந்தது, வந்த பெயர் நிலைத்தது.

நாகலக்ஷ்மி அதிர்ந்து பேசாதவள். கணவர் ராமசுப்ரமணியன் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. நாலு பேர் கூடிய இடத்தில் அவர் பேசுவார், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் நிறம் என்று வந்துவிட்டால் அவள் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது. சாலைக் கடைத்தெருவில் பத்துப் புடவையை விரித்துப் போட்டால், எது இரண்டாவது தோய்ப்பில் வெளுக்கும் என்று தொடாமலே சொல்லிவிடுவாள். கடைக்காரர் அவளைக் கண்டதும் நல்ல சரக்கை மட்டும் எடுத்து வைப்பது வழக்கம்.

மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1112 ஆவணியில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அவள் தம்பி சாம்பசிவன் லீவில் வந்தான். சென்ட் புட்டியும் பிஸ்கோத்து டப்பாவும் கொண்டுவருவான் என்று எல்லோரும் பார்த்திருக்க, அவன் பெட்டியைத் திறக்காமல், மடியில் வைத்துக் காத்துக்கொண்டு வந்த மூன்று கண்ணாடிப் புட்டிகளைக் கூடத்தில் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு மீன்.

"அக்கா, சயாம் தேசத்து மீன். இது ரெண்டும் ஆண், அது பெண். ஆண் ரெண்டையும் சேர்த்து விட்டுடாதே, ஒண்ணை ஒண்ணு கிழிச்சுப் போட்டுடும்."

ஒரு ஆண் குங்குமச் சிவப்பு. மற்றது அசல் மயில்கழுத்து, வாலும் துடுப்பும் அரக்கு. நாகலக்ஷ்மி புட்டிக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"இதை யாருடா நெய்தா?" என்றாள்.

ராமசுப்ரமணியன் தலையில் கை வைத்துக்கொண்டார். "மீனா? நம்மாத்துலயா? வாங்கித்தான் சமைக்கலை, வளர்க்கவாவது செய்வோம்னா?"

எதிர்வீட்டுச் சூடாமணி மாமி சேதி கேட்டு ஈரப் புடவையோடு வந்து நின்றாள். நாகலக்ஷ்மியைவிடப் பத்து வயது மூத்தவள், வாயில் நூறு வயது மூத்தவள்.

"ஏண்டீ நாகு, இன்னிக்கு மீனு, நாளைக்குக் கோழியா? ஒரு ஆட்டுக்குட்டியும் கட்டிடு, தெருவுக்கே பெருமை."

"கோவில் குளம் பத்மதீர்த்தத்து மீனுக்குப் பொரி போட்டுக் கன்னத்துல போட்டுக்கறேளே மாமி. அதுக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒண்ணா?"

"அது ஸ்வாமி மீனு. நீ வெறும் மீன் மாமி!"

தெரு சிரித்தது. பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

தம்பி கப்பலேறிப் போன பிறகுதான் சங்கடம் தொடங்கியது. அந்த வீட்டில் நல்ல தண்ணீர் என்றால் செப்புக்குடத்துத் தண்ணீர். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்த குடத்தில் ராத்திரி முழுதும் நின்று, துளசி மணத்தோடு காலையில் பூஜைக்குப் போகும். கடல் தாண்டி வந்த விருந்தாளிக்குப் பச்சைக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, சிவப்பு ஆணின் புட்டியைக் கழுவிச் செப்புக்குடத்துத் தண்ணீரை நிறைத்தாள். பெண்மீன்தானே என்று அதன் புட்டிக்குக் கிணற்றில் ஓலைப் பட்டையால் இறைத்ததையே ஊற்றினாள். மயில்கழுத்தின் புட்டியை அன்று மாற்றவில்லை.

மத்தியானம் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமானது. விளக்கேற்றும் நேரத்தில் மீன் ஒருக்களித்து மிதந்தது.

திருஷ்டி என்று நினைத்தாள். உப்பும் மிளகாயும் எடுத்து மயில்கழுத்து மீனுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அதற்கும் செப்புக்குடத்துத் தண்ணீர்தான் மாற்றினாள். பத்து மணிக்குள் அந்த நீலம் மங்கத் தொடங்கியது. சாயம் போகிற புடவையைக் கண்டுபிடிக்கிற கண் அல்லவா, அது ஏமாறவில்லை. இந்த முறை அவள் திருஷ்டியைத் தேடவில்லை. மூன்று புட்டிகளுக்கும் என்ன செய்தோம் என்று நின்று யோசித்தாள். யாரும் மதிக்காத பெண்மீன் மட்டும் திடமாக நீந்திக்கொண்டிருந்தது.

மண்சட்டியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, ஆண்மீனை உள்ளங்கையில் ஏந்தி அதில் விட்டாள். மறுநாள் காலை, அது தன் நிழலைப் பார்த்தே கோபித்துக்கொண்டு செவுளை விரித்து நின்றது.

"அந்தச் செவப்பை நான்தான் கொன்னேன். செப்பு ஜலம் அதுகளுக்கு விஷம்" என்று கணவரிடம் சொன்னாள்.

"போடி. பெரியவாள்ளாம் அதைக் குடிச்சுத்தானே தொண்ணூறு வயசு இருந்தா?"

"பெரியவாளுக்குச் செவுள் கிடையாது."

அவர் சிரித்தார். சிரித்தாரே தவிர, மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இருந்த ஒரு ஜோடியிலிருந்து வம்சம் உண்டாக்குவது என்று அவள் முடிவு செய்தாள். செடி விதையைப் போல ஊன்றிவிட்டு இருக்கிற காரியமல்ல அது. ஆண்மீன் வாயால் நுரை கட்டி, அந்த நுரையில் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, தானே காவல் காத்தது. முட்டையிட்ட பெண்ணை உடனே எடுத்துவிட வேண்டும் என்று தெரியாமல் முதல் தடவை விட்டுவைத்ததில், ஆண் அதன் வாலை நார் நாராகக் கிழித்துவிட்டது. இரண்டாவது தடவை, தூசி மாதிரி இருந்த குஞ்சுகளுக்குத் தின்னக் கொடுக்க எதுவும் தெரியவில்லை. நாலே நாளில் எல்லாம் போயின. வாழைப்பழத் தோலை வெயிலில் ஊறவைத்த தண்ணீரில் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் பூச்சிகள் உண்டாவதைப் பார்த்து, மூன்றாவது தடவை அதைக் கரண்டியால் விட்டாள். குஞ்சுகள் பிழைத்தன. கொஞ்சம் வளர்ந்ததும் கொசுப்புழு. தோட்டத்துக் கல்தொட்டியில் புழு தீர்ந்துபோன நாளில் சூடாமணி மாமியே ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

"எங்காத்துத் தொட்டியிலேர்ந்து எடுத்தேன். பாவத்துல பாதி உனக்கு."

"புண்ணியத்துல பாதி உங்களுக்கு மாமி. கொசு கடிக்காம தூங்கறேளோல்லியோ?"

கிணற்றடியில் நின்ற நாட்டுவாதுமை மரத்தின் காய்ந்த இலை ஒருநாள் சட்டியில் விழுந்து தண்ணீரைத் தேயிலை நிறமாக்கியது. அந்தச் சட்டி மீன்கள்தான் மற்றவற்றைவிட மினுமினுத்தன. அதன்பிறகு இலை ஊறாத தண்ணீரை அவள் புட்டியில் விட்டதில்லை. ஆண்குஞ்சுகள் சண்டைக்கு நின்ற வயதில் ஒவ்வொன்றுக்கும் தனிப் புட்டி. ஒன்றையொன்று பார்க்காமல் இருக்க நடுவில் பழைய பஞ்சாங்க அட்டை. இப்படி இரண்டரை வருஷம். நாலாவது ஈற்றில்தான் அவள் மனதில் இருந்த மீன் பிறந்தது. கலப்பில்லாத மயில்கழுத்து உடம்பு, உடம்பைவிட நீளமான அரக்கு வால். திரும்பும்போது முந்தானையை உதறிச் சுற்றுவது போலிருக்கும். சொரசொரப்பான விளிம்பில் உரசினாலே கிழியும் வால் அது. அதன் புட்டிக்கென்று அவள் ஊரெல்லாம் தேடி, வழவழவென்ற வாயுள்ள ஒரு ஜாடி வாங்கினாள்.

அந்த வருஷம் பொதுத் தோட்டத்தில் நடந்த மலர்க் காட்சியில் பறவைக்கும் மீனுக்கும் ஒரு மேஜை போட்டார்கள். ராமசுப்ரமணியன்தான் விண்ணப்பப் பாரத்தை வாங்கிவந்து நிரப்பினார். 'வளர்த்தவர்' என்ற இடத்தில் 'ராமசுப்ரமணியன், பி.ஏ.' என்று வழக்கம்போல் எழுதி மை ஒற்றினார். நாகலக்ஷ்மி பார்த்தாள். துடைத்த ஜாடியையே மறுபடி எடுத்துத் துடைத்தாள். இந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அந்த ஒரு மீன்தான் இருந்தது. அதற்கும் பெயர் வேறாகிவிட்டது.

காட்சியன்று காலை ஜாடி அவர் பெயர் எழுதிய அட்டையோடு மேஜையில் இருந்தது, ராமசுப்ரமணியன் மேஜை அருகில் நின்றார். நாகலக்ஷ்மியும் சூடாமணி மாமியும் பத்தடி தள்ளி, பெண்கள் நின்ற பக்கம். பார்வையிட வந்தவர் ஸ்ரீகண்டன் நாயர், காலேஜில் ஜீவசாஸ்திரம் சொல்லிக்கொடுப்பவர். மூக்குக்கண்ணாடியை ஜாடியோடு ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல ஒண்ணாந்தரம். பட்சே வெள்ளம் எந்தா சாய போலே?"

தண்ணீர் ஏன் டீ மாதிரி இருக்கிறது என்று கேட்டதும் ராமசுப்ரமணியனுக்கு வெட்கமாகிவிட்டது. மனைவியின் கைச்சுத்தத்தையே யாரோ குறை சொன்னமாதிரி இருந்தது. "கொஞ்சம் கலங்கிடுத்து ஸார். இப்பவே மாத்திடறேன்" என்று ஜாடித் தண்ணீரில் பாதியைப் புல்லில் சாய்த்தார். வெளியிடத்தில் தண்ணீர் குடிக்காத வீட்டார் ஆயிற்றே, செப்புக் கூஜா அவர் கையிலேயே இருந்தது. மூடியைத் திறந்தார். "ராத்திரி முழுக்கச் செப்புல நின்ன ஜலம் ஸார், கங்கை மாதிரி..."

கூஜா சாய்ந்தது. தண்ணீர் விழுந்தது ஒரு கையின் மேல். ஜாடியின் வாயை நாகலக்ஷ்மி உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தாள். பத்தடியை எப்படிக் கடந்தாள் என்று சூடாமணி மாமிக்கே தெரியவில்லை.

"அதை விடப்படாது" என்றாள்.

"நாகு, எல்லாரும் பாக்கறா."

"பாக்கட்டும். அந்த ஜலம் பட்டா இது செத்துப்போயிடும். அன்னிக்கே சொன்னேன், நீங்க சிரிச்சேள்."

நாயர் நிமிர்ந்தார். "அதெந்தா அம்மா, செம்புவெள்ளத்தில் குழப்பம்?"

செப்புத் தண்ணீரின் கெடுதலைச் சொல்ல, முதலில் திக்கித் திக்கி மலையாளத்தில் தொடங்கியவள், பாதியில் தன் தமிழுக்கே வந்துவிட்டாள். சிவப்பு மீன் செத்தது, பட்டைத் தண்ணீரில் பெண்மீன் பிழைத்தது, வாதுமை இலை, வாழைத்தோல், எந்த நாளில் தாயை எடுப்பது, எந்த நாளில் தகப்பனை எடுப்பது. அவர் கேட்டுக்கொண்டே போனார். அவள் ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. கை மட்டும் ஜாடியின் மேலேயே இருந்தது.

"செம்பு மீனுக்கு ஆகாது எந்நு புஸ்தகத்தில் உண்டு. ஞான் அது வாயிச்சு அறிஞ்ஞதாணு. நிங்ஙள் கண்டு அறிஞ்ஞு" என்று, தான் படித்து அறிந்ததை அவள் பார்த்தே அறிந்ததை மெச்சினார் நாயர். பிறகு அட்டையைக் குனிந்து படித்தார். "அப்போ இது வளர்த்தியது ஆராணு?"

ராமசுப்ரமணியன் கூஜாவைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையிலிருந்த தன் பெயரை, பி.ஏ.யும் சேர்த்து, நேர்கோடாக அடித்தார்.

"நான் இல்லை ஸார். இவள்" என்று பேனாவை மனைவியிடம் நீட்டினார்.

பின்னாலிருந்து சூடாமணி மாமியின் குரல் வந்தது. "மீன் மாமின்னு எழுதுடீ. இல்லாட்டா நம்ம தெருவுல யாருக்குத் தெரியும்?"

நாகலக்ஷ்மி 'ஸ்ரீவராகம் நாகலக்ஷ்மி' என்று எழுதினாள். சற்று யோசித்து, அதன் கீழே 'மீன் மாமி' என்றும் எழுதினாள். பிறகு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த புட்டியைத் திறந்து, இலை ஊறிய தண்ணீரைக் கையால் தடுத்துத் தடுத்து ஜாடியில் நிறைத்தாள். மீன் ஒரு சுற்றுச் சுற்றி, முழு வாலையும் விரித்துக் காட்டியது.

சாயங்காலம் ஜட்காவில் திரும்பும்போது, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்று ராமசுப்ரமணியன் பழவங்காடியில் வண்டியை நிறுத்தினார். தேங்காய்க் கடை வேலாயுதன் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, ஜாடியிலிருந்த அழகைக் கண்டு வாயைப் பிளந்தான்.

"அய்யோ, எந்து பங்கி! இது ஆருடெ மீனா, சாமி?"

நாகலக்ஷ்மி வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"இவளோடது" என்றார் அவர், கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு.