கிளட்சை இறுக்கிய ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. காரைக்குடிப் பக்கம் கண்டரமாணிக்கத்தில் அப்போது தச்சுப் பட்டறை வைத்திருந்தேன். செட்டியார் வீடுகளில் கதவு, ஜன்னல் வேலை. ஊர் ஊராக அலைய வேண்டியிருந்ததால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. கிளட்ச் பிடியில் மட்டும் லேசான ஆட்டம். பிடித்தால் கம்பி இழுபடுவதற்கு முன்னால் பிடி இரண்டு நூல், அதாவது கால் அங்குல அளவுக்குச் சும்மா அசையும். அது அப்படித்தான் இருக்கும், கை வைத்துவிடாதே என்று சொல்லித்தான் விற்றவர் கொடுத்தார். நான் கேட்டால்தானே. எங்கள் தொழிலில் ஆட்டம் என்றால் அவமானம். இரண்டு சட்டம் சேரும் மூட்டில் ஒரு தாள் நுழைந்தால் போச்சு, அன்றைக்குச் சோறு இறங்காது எனக்கு.

அன்று மத்தியானம் ஸ்பேனரும் குறடும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பியின் முனையில் இருந்த நட்டைத் தளர்த்தி, திருகைத் திருகிக்கொண்டே போனேன். பிடி ஒரு மயிரிழைகூட அசையாத அளவுக்கு இறுக்கினேன். தெருவில் ஒரு நடை ஓட்டியும் பார்த்தேன். ஜம்மென்று போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அரை மணி நேரம் போயிருக்காது. அடுப்புக்குச் சிராய் எடுக்க மரக்கட்டை அடுக்குக்குப் பின்னால் போன என் மனைவி கத்திக்கொண்டே வந்தாள். பாம்பு. கணுக்காலில் இரண்டு பல் தெளிவாகப் பதிந்திருந்தது. அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான். பக்கத்து வீட்டு அம்மா முழங்காலுக்குக் கீழே கயிற்றால் கட்டினார். அவளைப் பின்னால் உட்கார வைத்து, துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

ஊரைத் தாண்டினால் கண்மாய்க்கரை ஏற்றம். அதில் பாதி ஏறியதும் வண்டி கூச்சல் போட்டது, நகரவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்ஜின் அலறுகிறது, சக்கரம் சுற்ற மாட்டேன் என்கிறது. எதுவோ கருகுகிற நாற்றம். துண்டை அவிழ்த்து அவளைப் புளியமரத்தடியில் உட்கார வைத்தேன். கம்பி இன்னும் தளர்வாக இருக்கிறது என்றுதான் என் புத்திக்குப் பட்டது. நல்லவேளையாக ஸ்பேனர் இடுப்பில் இருந்தது. இன்னும் இரண்டு சுற்று இறுக்கினேன்.

ஏற்றிக்கொண்டு கிளப்பினால் வண்டி முன்னைவிட மோசம். நின்ற இடத்திலேயே நிற்கிறது. சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. அவள் கால் முழங்கால் வரைக்கும் வீங்கிவிட்டது. அவளை மறுபடியும் மரத்தடியில் இறக்கிச் சாய்த்து உட்கார வைத்தேன்.

"ஏங்க, காலையில வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு? மத்தியானம் முறுக்குனீகள்ல, அதத் திருப்பி விட்டுப் பாருங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "வண்டியப் பத்தி ஒனக்கு என்னடி தெரியும்? முறுக்குனது பத்தல. பேசாம இரு" என்று கத்தினேன். மறுபடியும் இறுக்கினேன். மறுபடியும் கிளப்பினேன். அவள் இன்னொரு தரம் சொன்னாள், நாக்குத் தடித்துக் குழறலாக. கேட்கவில்லை நான். உண்மையைச் சொல்கிறேன், அவள் சொன்னது சரியாக இருக்குமோ என்ற சந்தேகம் முதல் தடவையே எனக்கு வந்துவிட்டது. சரி என்றால் குற்றம் என் கையில் அல்லவா இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

மரத்தில் சாய்ந்திருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். கூப்பிட்டேன், பதில் இல்லை. அதற்கப்புறம்தான் என் கை எதிர்த் திசையில் திருகியது. பிடி பழையபடி அசையும்வரை தளர்த்தினேன். அவளைத் தூக்கி முன்னால் டேங்க் மேல் சாய்த்துப் போட்டுக்கொண்டு கிளப்பினேன். வண்டி ஒரே மூச்சில் கரை ஏறியது. ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் எந்நேரமும் பாதி பிடித்தபடியே இருக்கும், இன்ஜினின் இழுப்பு சக்கரத்துக்குப் போகாது என்பது அப்போதுதான் புரிந்தது. திருப்பத்தூர் போய்ச் சேரும்வரை அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.

மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். பத்தாவது நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பார்க்க வந்தவர்களெல்லாம் ஏன் அவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டார்கள். பாயில் படுத்தபடியே அவள் சொன்னாள்: "வண்டி பாதியில மக்கர் பண்ணிருச்சு. இவுகளா இருக்கப் போயி ஒடனே சரி பண்ணிக் கொண்டாந்து சேத்தாக. வேற ஆளா இருந்தா நான் பொழச்சிருக்க மாட்டேன்."

கதவருகில் நின்றிருந்த நான் அதை அவர்கள் நம்பட்டும் என்று விட்டுவிட்டுப் பட்டறைப் பக்கம் போய்விட்டேன். ஐம்பது வருடமாக ஊரில் எனக்கு மனைவியைக் காப்பாற்றியவன் என்று பேர். அவள் மயங்கிச் சரியும்வரை என் பிடிவாதத்தை விடாதவன் நான் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும், அவள் என்னிடம்கூட அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.