கட்டிங் மாஸ்டர் பங்கு போட்ட பேட்ச்

வார்டில் எனக்கு ரொம்ப பயம் நல்ல மனசுக்காரர்களிடம்தான். மருந்தைத் திருடுகிறவனுக்குப் பூட்டு போடலாம். பங்கு போடுகிறவனை என்ன செய்வது?

வேலூரில் நான் நர்ஸாக இருந்த புற்றுநோய் வார்டில் அப்படி ஒருவர் படுத்திருந்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் காலமெல்லாம் தோல் வெட்டியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கட்டிங் மாஸ்டர். வலிக்காக அவர் நெஞ்சில் ஒரு பேட்ச் ஒட்டியிருந்தோம். பார்க்கச் சாதாரண பிளாஸ்திரி மாதிரிதான் இருக்கும். உள்ளே இருப்பதோ மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமான மருந்து. ரெட்டைப் பூட்டு அலமாரியிலிருந்து அதை எடுக்க இரண்டு நர்ஸ் வேண்டும். பழசை மடித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு கிடைக்கும். டியூட்டி மாறும்போதெல்லாம் அது இடத்தில் இருக்கிறதா என்று சட்டையை விலக்கிப் பார்ப்போம்.

அன்று மதிய டியூட்டிக்கு வந்து விலக்கினேன். பாதி பேட்ச்தான் இருந்தது. ஓரம் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது.

"மாஸ்டர், மீதி எங்க?"

"தோஸ்துக்குக் குடுத்தேன் சிஸ்டர். தோள் வலியில பாவம், கையே தூக்க முடியல அவனுக்கு."

தோஸ்த் என்றால் பாய். அதே கம்பெனியில் பக்கத்து மேசையில் வெட்டியவர், பகலில் மாஸ்டருக்குத் துணை அவர்தான். ஒரு டீ வாங்கினால் இரண்டு கிளாஸ் கேட்கிற ஜோடி அது. ஆப்பிள் நறுக்க பாய் எடுத்துவந்த கட்டிங் கத்தியால் மாஸ்டர் காலையிலேயே காரியத்தை முடித்திருக்கிறார்.

"துளிகூட வேஸ்ட் பண்ணல, பாருங்க" என்று பெருமை வேறு!

மாஸ்டரின் உடம்பு மாசக்கணக்கில் இந்த மருந்துக்குப் பழகியது. பாய் தைலத்தைத் தாண்டி எதையும் அறியாதவர். பழகாத உடம்பில் இது தூக்கம் மாதிரியே வந்து மூச்சை நிறுத்திவிடும்.

"பாய் எங்க இப்ப?"

"கீழ ஹாலுக்குப் போனான். தூக்கம் தூக்கமா வருதுன்னான்."

போச்சு! படியில் உருண்டு விழாத குறையாக ஓடினேன்.

கீழே மருந்துக்கு டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் ஹாலில், அந்த வேளையில் யார்தான் தூங்கவில்லை? அரக்கோணம், நெமிலி, குடியாத்தம் எல்லாம் அங்கே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. எல்லோரும் வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, முகத்தின்மேல் துண்டு. நான் துண்டைத் தூக்குவதும் துண்டை விடாமல் பிடித்துத் தூங்கியவர்களின் காலரை இழுத்துத் தோளைப் பார்ப்பதுமாகப் போனேன். ஒருத்தர் கண்ணைத் திறக்காமலே "டோக்கன் வந்துடுச்சா?" என்றார். அடுத்தவர் காலரைப் பிடித்ததும் அவர் மனைவி எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா பண்றே எம் புருஷனை?"

"தோளைப் பாக்கணும்மா."

"கட்டிக்கிட்ட நானே வெக்கப்பட்டுத்தான் பாத்தேன். நீ இன்னா, ஹால்ல வெச்சுப் பாக்கறே?"

"ஐயோ, ஒரு உயிரும்மா! தட்டினா எழுந்திரிக்காத ஆளைத் தேடறேன்!"

அந்த அம்மா கூடைப்பையைச் சுழற்றிக்கொண்டு வரிசையாக எல்லோரையும் அடிக்க ஆரம்பித்தார். "யோவ், எழுந்திரு! எழுந்திருய்யா!" ஹாலே திட்டிக்கொண்டு எழுந்தது. தூண் பக்கத்தில் ஒருவர் மட்டும் அசையவில்லை.

பாய்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. கையுறையை மாட்டி தோளிலிருந்த பேட்சைப் பிய்த்தேன். ஸ்ட்ரெச்சர் வந்தது, ஆக்சிஜன் வந்தது, அந்த மருந்தை முறிக்கும் ஊசி போட்டார்கள். பாய் கண்ணைத் திறந்தார்.

"அல்லா! தோள் வலிக்குதே சிஸ்டரம்மா!"

ஒருவர் வலிக்குது என்று சொன்னதற்காக நான் சந்தோஷத்தில் அழுதது அன்றைக்குத்தான்.

பாயை ராத்திரி முழுக்கக் கண்காணிப்பில் வைக்கச் சொல்லிவிட்டு, மாஸ்டரை வாங்கு வாங்கென்று வாங்கலாம் என்று மேலே போனேன். அவர் போர்வையைக் கையில் முறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பாதி பேட்ச் அவருக்கு எப்படிப் போதும்? காலையிலிருந்து யார் கேட்டாலும் "வலி கம்மிதான்" என்று சிரித்தே சமாளித்திருக்கிறார்.

"அவன் மூச்சு வுடறானா சிஸ்டர்?"

"வுடறாரு. உங்களைத் திட்டிக்கிட்டே வுடறாரு."

அவர் உடைந்து அழுதார். "ஒரே பஸ்ல போய் ஒரே பஸ்ல வந்தவனுங்க நாங்க. நான் இப்ப ஏறப்போற பஸ்ல அவனையும் ஏத்தப் பாத்துட்டேனே."

டாக்டரைக் கேட்டுவிட்டு, முழுப் பேட்சாகப் புதுசு ஒட்டினேன். கத்தியை மட்டும் பறிமுதல் செய்தேன்.

மறுநாள் பாய் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மாஸ்டர் கறியையெல்லாம் அவர் பக்கம் தள்ளினார். பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, மாஸ்டரின் நெஞ்சைக் காட்டினார்.

"தோள் பேஜார் பண்ணுதுடா. அதுல கொஞ்சம் குடேன்."

மாஸ்டர் இரண்டு கையாலும் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"போடா. செத்தாலும் தர மாட்டேன்."