தரிசு என்று சொன்ன நிலம்

எங்கள் நிலம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கிறது. ஒன்றேகால் ஏக்கர். அதை வாங்கிய காலத்தில் ரயில் ஓரத்து நிலத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். மேய்கிற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் தண்டவாளத்தில் நின்றால் அவ்வளவுதான். பண்ணையாருக்கு அப்படி இரண்டு கறவை போயிற்று. அந்த வெறுப்பில்தான் அவர் விற்றார். இல்லாவிட்டால் எங்களைப் போலக் கூலிக்குப் போகிறவர்கள் கையில் அது வந்திருக்காது. நானும் என் வீட்டுக்காரியும் பல வருஷம் அடுத்தவர் பருத்திக்காட்டில் குனிந்து சேர்த்ததுதான் அந்த நிலம்.

கரிசல் மண். மழையை நம்பித்தான் வெள்ளாமை. ஒரு வருஷம் மக்காச்சோளம், ஒரு வருஷம் பருத்தி. உழும்போது கிளிஞ்சல் மாதிரி கல் புரண்டு வரும். ஒரு காலத்தில் இங்கெல்லாம் கடல் இருந்ததாம், படித்தவர்கள் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரி நம்ப மாட்டாள். "கடலு இருந்திருந்தா மண்ணு கரிக்காதா?" என்பாள்.

இப்போது ஸ்டேஷன் பக்கம் என்றால் எல்லோருக்கும் ஆசை. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அந்தப் பக்கத்து ஜனங்கள் ரயில் ஏற அரியலூருக்கு வர வேண்டும், இல்லையென்றால் எங்கள் சின்ன ஸ்டேஷனுக்கு. வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகளை வழியனுப்ப லப்பைக்குடிக்காட்டிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, மேலே கொட்டை எழுத்தில் பேர் எழுதியிருக்கும். வண்டி போன பிறகும் வழியனுப்ப வந்த பெண்கள் வேனில் ஏறாமல் நின்றுகொண்டே இருப்பார்கள். நான் களை வெட்டிக்கொண்டே பார்ப்பேன். நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை என்று அப்போது நினைப்பேன்.

மூன்று கோடைக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். நீல நிறச் சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பலகை மாதிரி ஒரு பெரிய போன். ஸ்டேஷனைச் சுற்றி வீடு எங்கே வரவேண்டும், கடை எங்கே, பஸ் எங்கே திரும்பவேண்டும், லாரி எங்கே நிற்கவேண்டும் என்று கவர்மெண்டில் திட்டம் போடுகிறார்களாம். அதற்கு ஒவ்வொரு நிலமும் இப்போது எதற்குப் பயன்படுகிறது என்று எழுதிக்கொண்டு போக வந்திருந்தாள்.

அவளிடம் நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும்.

என் அப்பா பண்ணையாரிடம் ஆளாக இருந்தார். தீர்வை போடுவதற்காக மேலிருந்து யாராவது நிலத்தைப் பார்க்க வந்தால், பண்ணையார் வரப்பில் நின்று, "எல்லாம் சாவி, வெறும் பதரு. ஒரு மணி தேறாது" என்பார். பின்னால் கம்பு ஆள் உயரத்துக்குக் கதிர் சாய்ந்து நிற்கும். அப்பாவும் மற்ற ஆட்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். வந்தவரும் இளநீர் குடித்துவிட்டு சாவி என்று எழுதிக்கொண்டு போவார். நான் சின்ன வயதில் ஆடு மேய்த்துக்கொண்டே இதைப் பார்த்திருக்கிறேன். நிலம் வைத்திருக்கிறவர்கள் ஆபீசரிடம் இப்படித்தான் பேச வேண்டும் போலிருக்கிறது என்று மனசில் பதிந்துவிட்டது.

எங்களுக்கு நிலம் வந்ததும் நானும் அப்படியே பேசினேன். கிராம அதிகாரி ஒவ்வொரு வருஷமும் அடங்கல் எழுத வருவார். யார் நிலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற நோட்டு அது. "என்ன போட்டிருக்கீங்க?" என்பார். "தரிசுங்க" என்பேன். நான் மட்டுமில்லை, எங்கள் தெருவில் நிலம் வாங்கின எல்லோரும் அதையேதான் சொன்னோம். விளைகிறது என்று சொன்னால் வரி வரும், கண் படும், சிமெண்டுக்குக் கல் எடுக்கிறேன் என்று எவனாவது வருவான். ஒன்றுமில்லாத நிலத்தை யார் கேட்கப் போகிறார்கள்? அதுதான் எங்கள் யோசனை.

அந்தப் பெண் வந்தபோது அறுப்பு முடிந்து, சோளத்தட்டையையும் மாட்டுக்கு அறுத்துக்கொண்டு போயிருந்தோம். அடிக்கட்டை மட்டும் வரிசையாக நின்றது.

"தாத்தா, இதுல என்ன பயிர் வைப்பீங்க?"

"இதுல என்னாம்மா வெளையும்? கல்லாங்காடு. தரிசு."

"இந்தக் கட்டையெல்லாம் என்ன?"

"அது காத்துல வெத வந்து வுளுந்து, தானா மொளச்சதும்மா."

அவள் வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "காத்து கயிறு புடிச்சு வெதச்சிருக்கு போல. நல்லா யோசிச்சு சொல்லுங்க தாத்தா. இதை வெச்சுத்தான் மேப் போடுவாங்க."

"என்னாத்த யோசிக்கிறது? என் காலம் பூரா இது தரிசுதாம்மா."

அவள் பெருமூச்சு விட்டாள். என்னை நிலத்தில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தாள். போன் கண்ணாடியில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னாள். எனக்கு என் பேரை மட்டும் எழுதத் தெரியும். கோணல்மாணலாகப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். "நல்லா சொன்ன போ" என்று சந்தோஷப்பட்டாள். அன்றைக்கு எனக்குக் கருவாட்டுக் குழம்பில் இரண்டு துண்டு கூடுதலாக விழுந்தது.

எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவருடையது. இருபது வருஷம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஊருக்கு அனுப்பிய பணத்தில் வாங்கிப் போட்டது. முழுக்கச் சீமைக்கருவேலம். அவரிடமும் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். "ஓட்டல் கட்டப் போறேம்மா, இன்ஷா அல்லாஹ்" என்று மனசில் இருந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார்.

ஒரு வருஷம் கழித்துப் பஞ்சாயத்து ஆபீசில் வரைபடம் ஒட்டினார்கள். பாய்தான் என்னை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். கலர் கலராக இருந்தது. அவர் விரலை வைத்துக் காட்டினார்.

"இது ஸ்டேஷன். இது ரோடு, அகலமாக்கப் போறாங்க. இது என்னோடது, நீலக் கலரு, கடை கட்டலாம்." விரல் நகரவில்லை.

"எங்களுது எங்க பாய்?"

"இதுதான் அண்ணே. சாம்பல் கலரு."

"அது என்னா கலரு?"

"லாரி நிறுத்துற எடம்னு போட்டிருக்கு. ரெட்டிபாளையம் பக்கத்து சிமெண்டு லாரியெல்லாம் இங்க வந்து நிக்குமாம். தரிசு நெலம்கறதால எடுத்துக்கிறாங்களாம்."

கருவேலம் மண்டிய நிலம் கடை ஆகிவிட்டது. சோளம் விளைந்த நிலம் தரிசு ஆகிவிட்டது. பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அல்லா, நீங்க என்னண்ணே சொல்லி வெச்சீங்க?" என்றார். சொன்னேன். அப்புறம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்சேபணை மனு அவரே எழுதிக் கொடுத்தார்.

என் மகன் லாரி டிரைவர், ரெட்டிபாளையத்திலிருந்து சிமெண்டு ஏற்றுகிறவன். அவனுக்குப் போன் போட்டேன். "ரோட்டோரம் நிறுத்திட்டுத் தூங்குறோம்ப்பா. போன மாசம் எங்க ஆளு ஒருத்தன வேற வண்டி அடிச்சிட்டுப் போயிடுச்சி. எங்கயாவது ஒரு எடம் வரத்தானே வேணும்?" என்றான். போனை வைக்கும்போது, "நம்ம எடமா வந்திருக்க வேணாம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை.

மனு கொடுத்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாசலில் கட்டியபடியே இருந்தது. மேடையில் மேசை போட்டு ஆபீசர் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். என் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. ஆபீசர் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார்.

"பெரியவரே, என்ன ஆட்சேபணைன்னு நீங்களே சொல்லுங்க."

"அது தரிசு இல்லீங்க. வெள்ளாமை நடக்குற நெலங்க."

"இதுல தரிசுன்னு இருக்கே. யார் சொன்னது?"

"நான்தாங்க."

பின்னால் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "யோவ் பெருசு, ஒரு பேச்சுல நில்லுய்யா!" என்று ஒருத்தன் கத்தினான்.

ஆபீசர் சிரிக்கவில்லை. "சரி, தவறுதலா சொல்லிட்டீங்கன்னே வெச்சுக்குவோம். அடங்கல் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்" என்று ஒரு கட்டைப் பிரித்தார். புரட்டிக்கொண்டே போனார். நிறையத் தாள்கள்.

"இதுலயும் வருஷா வருஷம் தரிசுன்னுதான் இருக்கு. இதுவும் நீங்க சொன்னதுதானா?"

"ஆமாங்க."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

பண்ணையார் வரப்பில் நின்றதையும் அப்பா தலையாட்டியதையும் அந்த மேடையில் எப்படிச் சொல்வது? "எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவோம்" என்றேன். பின்னால் சிரித்தவர்கள் சத்தம் அப்போது நின்றது. அவர்களும் அப்படிச் சொன்னவர்கள்தான்.

"எல்லாப் பேப்பரும் ஒண்ணத்தான் சொல்லுது. அந்தப் பேப்பர்ல இருக்கறதும் நீங்க சொன்னதுதான். இப்ப மாத்தி சொல்றதும் நீங்கதான். நான் எந்த உங்களை நம்புறது பெரியவரே?"

கூட வந்து பின்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி எழுந்து வந்தாள். கொண்டுவந்த பையிலிருந்து சோளக்கதிரை எடுத்து மேசை மேல் ஒவ்வொன்றாக அடுக்கினாள். "சாமி, இதுல்லாம் அந்த மண்ணுல வெளஞ்சது. என் கையால ஒடச்சது."

ஆபீசர் ஒரு கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நல்லா முத்தியிருக்கும்மா" என்றார். "ஆனா எந்த நெலத்துல வெளஞ்சதுன்னு இதைப் பாத்து நான் எப்படிம்மா எழுதுறது?"

"நேர்ல வந்து பாருங்க. ரயிலவுட்டு எறங்குனா எதுக்கதான் இருக்குது."

"பாக்கச் சொல்றேன்" என்றார். அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள். அவள் கதிர்களைத் திரும்ப எடுக்கவில்லை. நான்தான் பையில் எடுத்துப் போட்டேன்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். "என்னைத் திட்டணும்னா திட்டிடு" என்றேன். "எதுக்குத் திட்டறது? நல்லா சொன்னன்னு நானுந்தான சொன்னேன்" என்றாள்.

பார்க்க ஒரு ஆள் வந்தான், பொய் சொல்லக் கூடாது. சித்திரை வெயிலில் வந்தான். புழுதி பறந்துகொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் நின்றபடியே இரண்டு படம் எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியில் போய்விட்டான். நான் ஓடிப்போவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

ஆடியில் தபால் வந்தது. பாய் படித்தார். மனு பரிசீலிக்கப்பட்டது, மாற்றம் தேவையில்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். அவ்வளவுதான் இருக்கிறது என்றார். எப்போது எடுப்பார்கள் என்று கேட்டேன். அது போடவில்லை. தேவைப்படும்போது எடுப்பார்களாம். நாளைக்கே இருக்கலாம், பத்து வருஷமும் ஆகலாம். அதுவரை விற்க முடியாது, யாரும் வாங்க மாட்டார்கள். "மேல எழுதிப் போடலாம்ணே" என்றார். அவர் குரலில் தெம்பு இல்லை. அவர் நிலத்தில் அஸ்திவாரத்துக்குக் கோடு கிழித்திருந்தார்கள். என் எதிரில் அதைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சம்.

ஆவணியில் நல்ல மழை. பக்கத்துக் காடெல்லாம் உழுதுவிட்டார்கள். டிராக்டர்காரன் எங்கள் நிலத்தண்டை வந்து வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே கேட்டான்.

"ஓட்டவா, வேணாமா? இதுல லாரி நிக்கப் போவுதுங்கறாங்களே."

வீட்டுக்காரி, "லாரி வர்றப்ப வரட்டும். நீ ஓட்டு" என்றாள்.

உழுது முடித்த ஈர மண்ணில் நாங்கள் இரண்டு பேரும் விதை போட இறங்கினோம். அவள் முன்னால் குழி போட்டுக்கொண்டு போனாள். நான் பின்னால் விதையைப் போட்டுக் காலால் மூடிக்கொண்டு போனேன். நாலு வரிசை போனதும் அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். திரும்பாமலே கேட்டாள்.

"இந்தாய்யா, அறுக்கற வரைக்குமாவது வுடுவாங்களா?"

எனக்கு என்ன தெரியும்? "வுடுவாங்க" என்றேன்.

அவள் குனிந்து அடுத்த குழியைப் போட்டாள்.