சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்

சட்டம் படித்து முடித்தவளுக்கு வேலை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. போன ஆபீஸில் எல்லாம் முதல் கேள்வி, "அனுபவம் இருக்கா?" யாராவது சேர்த்துக்கொண்டால்தானே அனுபவம் வரும் என்று திருப்பிக் கேட்கும் வாய் அவளுக்கு. அந்த வாயால் இரண்டு இடம் கைநழுவியது. ஒரு வக்கீல் கல்யாணம் எப்போது என்று விசாரித்தார். அவர் ஆள் எடுக்கிறாரா, மாப்பிள்ளை பார்க்கிறாரா என்று புரியாமல் எழுந்து வந்தாள்.

கடைசியில் ஒரு பெரிய வக்கீல் சேர்த்துக்கொண்டார். "சம்பளத்தைப் பத்தி இப்ப பேசாதேம்மா. முதல்ல தொழிலைக் கத்துக்கோ" என்றார். அவள் கற்ற தொழில் ஒரே வாக்கியம்: "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், தேதி தர வேண்டுகிறேன்." அந்த நேரம் சீனியர் பெரும்பாலும் ஆபீஸ் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பார். முதல் நாள் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு தண்ணீர் பட்ட பாடு. தேதி தள்ளிக் கேட்பதற்கு வாய்தா என்று பெயர்; வராந்தாவில் அவளுக்கும் அதே பெயர் விழுந்தது.

வீட்டுக்கு இது தெரியாது. வீடு என்றால் ஒரே அறை, தையல் மிஷின், அக்கா. தைத்துத் தைத்துத் தங்கையைப் படிக்க வைத்தவள். அக்கா புருஷனைப் பிரிந்து வந்தவள்; மகள் அவன் வீட்டில் வளர்கிறாள், பார்க்கக்கூட விடுவதில்லை. பிள்ளையைத் தன்னிடம் தரச்சொல்லி அக்கா போட்ட வழக்கை ஒரு வக்கீலம்மா நடத்திவந்தார்.

"இன்னிக்கு என்ன பேசினே?" என்று அக்கா தினமும் கேட்பாள்.

"நான் கேட்டதை ஜட்ஜ் குடுத்துட்டாருக்கா."

பொய்யில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

பிள்ளை வரும் நாளில் போட்டுவிட அக்கா ஒரு கவுன் தைத்து வைத்திருந்தாள். வழக்கு தள்ளிப்போகும்போதெல்லாம் அதன் அடிமடிப்பைப் பிரித்து நீளம் விடுவாள்.

கடைசி வாதம் என்று தேதி வந்தது. தங்கை விடுப்பு கேட்டுக்கொண்டு கூடப் போனாள். எதிர்த்தரப்பு வக்கீலின் நாற்காலி காலி. பின்னாலிருந்து எழுந்தவன் அவளோடு படித்தவன். அவனும் அலையாய் அலைந்து அப்போதுதான் ஓரிடத்தில் சேர்ந்திருந்தான். தேதி எப்படிக் கேட்பது என்று போன வாரம் வராந்தாவில் அவளிடம்தான் பழகிக்கொண்டிருந்தான். அவள் சொல்லிக்கொடுத்தபடியே குனிந்தான், குரலைத் தாழ்த்தினான். "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்..."

வக்கீலம்மா ஆட்சேபிப்பதற்குள் தேதி விழுந்துவிட்டது. விடுமுறை எல்லாம் கழிந்து, மழைக்காலத்தில் ஒரு நாள்.

வெளியே கோர்ட் பியூன் சிரித்தார். "என்ன வாய்தா, இன்னிக்கு உங்களுக்கே வாய்தாவா?"

அக்கா நின்றாள். "உன்னையா கூப்பிடறாரு?"

"ஆமா."

"நீயும் இதையேதான் சொல்வியா?"

"ஆமாக்கா."

"அந்தப் பக்கம் என்னை மாதிரி யாராச்சும் உக்காந்திருப்பாங்களா?"

அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. "இருப்பாங்கக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கவுனை எடுத்துப் புரட்டினாள். பிரிப்பதற்கு மடிப்பு மிச்சமில்லை. மடித்துப் பெட்டியிலேயே வைத்தாள்.

மறுநாள் தங்கை கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குத்தான் போனாள். வேறு எங்கே போவது? மூன்று வழக்குக்கு வாய்தா வாங்கிவிட்டு வீடு திரும்பினாள். அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். என்ன பேசினாய் என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.