இல்லாத ஆளுக்காகச் செய்த ஜெபம்

போன வருடம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் மனைவியையும் மகளையும் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப் போவதாக ஒரு கடிதம் வந்தது. என்னை அனுப்புவது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும். அப்போது சபையில் வேறு ஒருவருக்கும் தெரியாது. கர்த்தர் எனக்குச் செய்ததை உங்களுக்குச் சொல்லவேண்டுமானால், நான் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்களுக்கெல்லாம் என்னை ரவீந்திரன் என்றுதான் தெரியும். அது என் பெயர் இல்லை.

யுத்தம் முடிந்து இரண்டாம் வருடம் நான் ஜெர்மனிக்கு வந்தேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. கூட்டி வந்த ஏஜென்ட், அகதி விண்ணப்பம் கொடுக்கப் போகும் வழியில் காருக்குள் வைத்துச் சொன்னான்: “உண்மைப் பேரைக் குடுத்தா ஊரில இருக்கிற உன்ர தமையனுக்குத்தான் பிரச்சினை. திருப்பி அனுப்பினாலும் பேரை வச்சுத்தான் பிடிப்பாங்கள். வேற பேர் சொல்லு, வேற ஊர் சொல்லு. எல்லாரும் அப்பிடித்தான்.” எனக்குப் பயம். மூன்று மாதம் தடுப்பு முகாமில் இருந்து வந்தவன் நான். உள்ளே போய், கேட்டவுடனே வாயில் வந்த பெயரைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்து படித்தவனின் பெயர் அது.

அந்த ஒரு நிமிடத்தில் நான் எவ்வளவு பெரிய மடையன் ஆனேன் என்பது பிறகுதான் விளங்கியது. தடுப்பு முகாமில் இருந்து விடுவித்தபோது தந்த கடிதம் என்னிடம் இருந்தது. நான் பட்டதற்கு அதுதான் ஆதாரம். ஆனால் அது குணசீலன் என்ற என் சொந்தப் பெயரில் இருந்தது. ரவீந்திரன் அதை எப்படிக் காட்டுவான்? காட்டவில்லை. ஆதாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளினார்கள்.

அதன்பிறகு டுல்டுங் என்ற தாளோடுதான் வாழ்க்கை. உன்னை இப்போதைக்கு நாடு கடத்தவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லும் தாள் அது. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெர்மின், அதாவது அவர்கள் குறித்துத் தரும் நாளில் அலுவலகத்துக்குப் போகவேண்டும். அதிகாரி ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “பாஸ்போர்ட் எங்கே?” தூதரகத்துக்கு எழுதியிருக்கிறேன் என்பேன். உண்மையாகவே ரவீந்திரன் என்று எழுதிப் போட்டேன். அப்படி ஒரு ஆள் எங்கள் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. தூதரகம் உண்மையைத்தான் எழுதியது, பொய் சொன்னது நான்தான்.

இதில் இன்னொன்று இருக்கிறது. பேர் தெரியாதவனை எந்த நாட்டுக்கும் அனுப்ப முடியாது. என்னைப்போல இருந்த பெடியன்கள் எல்லாம் அதைத்தான் சொல்வார்கள்: “பேரைச் சொன்னியோ, அடுத்த பிளேன்தான்.” ஆக அந்தப் பொய்தான் என்னை இங்கே பிடித்து வைத்திருந்தது, அதே பொய்தான் ஒரு அடி முன்னே போகவும் விடவில்லை. கதவைப் பூட்டித் திறப்பை நானே விழுங்கினதுபோல இருந்தது.

இதற்கிடையில்தான் ஆண்டவரை அறிந்தேன். இந்த மண்டபத்தில்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். என்ன பெயரில் எடுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் இருந்து எழும்பினபோது நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். எனக்கு நெஞ்சுக்குள் குறுகுறுத்தது. பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தர்சினியையும் இந்தச் சபையில்தான் கண்டேன். அவளும் அகதி வழக்குத் தள்ளுபடியானவள்தான், ஆனால் சொந்தப் பெயரில் இருந்தவள். கல்யாணத்துக்கு முதலே அவளுக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். பாஸ்டர்தான் ஜெபித்துக் கலியாணம் செய்து வைத்தார். அரசாங்கப் பதிவு செய்ய முடியவில்லை. மகள் அபிஷா பிறந்தபோது நம் வழக்கப்படி அப்பாவின் பெயரை அவளுடைய பெயருக்குப் பின்னால் போட்டோம். அபிஷா ரவீந்திரன். அவளுடைய பிறப்புத் தாளில், தகப்பனுக்கு நேரே, அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது. அந்தத் தாளைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும்போதெல்லாம் நான் தலை குனிந்துதான் நிற்பேன்.

இப்படியே ஒன்பது வருடம் போன பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. தர்சினியிடம் பாஸ்போர்ட் இருந்தது, ஆகவே அவளை அனுப்பலாம், மகளைத் தாயோடு அனுப்பலாம். பேர் இல்லாத நான் மட்டும் இங்கே இருக்கலாம். ஐயோ, அன்றைக்கு நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வேன்! அபிஷா பள்ளியால் வந்து, “அப்பா ஏன் வேலைக்குப் போகேல்லை?” என்று கேட்டாள். தலையிடி என்றேன். அதுவும் ஒரு பொய்.

எங்கள் நகரத்தில் அகதிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு அம்மா இருக்கிறார். லின்ட்னர் என்று பெயர். கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றார். சட்டப்படி இடமில்லாத ஆட்களுக்கும் மனிதாபிமானம் பார்த்து வதிவிட உரிமை கொடுக்கும்படி பரிந்துரைக்கிற ஒரு குழு மாநிலத்தில் இருக்கிறது. அதற்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போடலாம். எங்கள் வாழ்க்கை முழுவதையும் எழுதவேண்டும். எழுதிக்கொண்டு வந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இதில் பொய் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்லுங்கள். பிறகு தெரிய வந்தால் மூன்று பேருக்கும் முடிந்துவிடும்.”

இல்லை என்றேன். தர்சினி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை எங்களுக்காக நீங்கள் உபவாசம் இருந்து ஜெபித்தீர்கள். நினைவிருக்கும். காலையில் இருந்து பின்னேரம் வரைக்கும் ஒருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. பாஸ்டர் என் தலையில் கை வைத்து, “ஆண்டவரே, உம்முடைய பிள்ளை ரவீந்திரனை நினைத்தருளும்” என்றார். எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். எனக்கு ஆமென் வாயில் வரவில்லை. இவ்வளவு சனம் பட்டினி கிடந்து, கண்ணீர் விட்டு, இல்லாத ஒரு ஆளுக்காக ஜெபிக்கிறது. எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது.

வீட்டுக்கு வந்ததும் தர்சினி கேட்டாள். எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, உங்களுக்குத் தெரியும். இத்தனை வருடமும் அவளுக்கு நான் வெறும் ‘இஞ்சாருங்கோ’தான்.

“இஞ்சாருங்கோ, நான் ஒருநாளும் உங்கட பேரைச் சொன்னதில்லை. அதால இவ்வளவு நாளும் நான் பொய் சொல்லாமத் தப்பீட்டன். ஆனா ஜெபத்தில சொல்லத்தானே வேணும்? இண்டைக்கு முழங்காலில நிண்டுகொண்டு எந்தப் பேரைச் சொல்லுறது எண்டு தெரியாம முழிச்சன். நீங்களே சொல்லுங்கோ, எந்தப் பேரைச் சொல்ல?”

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. நான் முன்கோபக்காரன், அது உங்களுக்கும் தெரியும். “உனக்கென்ன, உன்னட்டைப் பாஸ்போர்ட் இருக்கு! நான் பேரைச் சொன்னா என்னையும் சேத்து அனுப்புவாங்கள், விளங்குதோ?” என்று கத்தினேன். அவள் அழவில்லை. “ஓம், விளங்குது. அனுப்பினா மூண்டு பேரும் சேந்து போவம்” என்றாள்.

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போனேன். எங்கே போவது? நாலாம் மாடிப் படியில் போய் இருந்தேன். அதுவரைக்கும் என் ஜெபமெல்லாம் ஒன்றுதான்: ஆண்டவரே, வதிவிட உரிமைத் தாளைத் தாரும். அன்றைக்கு அப்படிக் கேட்க முடியவில்லை. குணசீலன் வந்திருக்கிறேன் ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பிறகு அழுதேன். மேல்வீட்டு ஜெர்மன் கிழவர் மரக்கறிப் பையோடு என்னைத் தாண்டிப் போனார். வானத்தில் இருந்து எனக்குச் சத்தம் ஒன்றும் வரவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் பயத்தோடேயே எழும்பி நடக்கலாம் என்று ஒரு பெலன் வந்தது. அதுதான் பதில் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

திங்கட்கிழமை லின்ட்னர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இதனால் காரியம் கெட்டும் போகலாம். பொய்ப் பெயர் கொடுத்ததற்கு வழக்கும் போடுவார்கள். தெரியும்தானே?” என்றார். தெரியும் என்றேன். “அப்படியானால் முதலில் இருந்து எழுதுவோம்” என்று எழுதின தாளை எல்லாம் கிழித்துப் போட்டார்.

ஊரில் இருந்து அண்ணன் பிறப்புச் சான்றிதழை அனுப்பினார். அதையும், இத்தனை வருடம் உடுப்புப் பெட்டிக்கு அடியில் கிடந்த அந்த விடுதலைக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நானாகவே போனேன். டெர்மின் இல்லாமல் போன முதல் நாள் அது. அந்த அதிகாரி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “இத்தனை வருடம் என் முன்னால் இருந்து பொய் சொன்னீர்களா?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

வழக்குப் போட்டார்கள். பிறகு ஏழு மாதம் காத்திருந்தோம். அந்த ஏழு மாதம் என் எதிரிக்கும் வரக்கூடாது. வாசலில் மணி அடித்தால் மூன்று பேரும் அசையாமல் இருப்போம். இப்போது அவர்கள் கையில் என் பெயர் இருக்கிறது, எந்த நாளும் வரலாம். தர்சினி ஒரு பெட்டியை அடுக்கிக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

நான் சமைக்கிற முதியோர் இல்லத்தில் விஷயத்தைச் சொன்னேன். வேலையை விட்டுக் கலைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். குசினிப் பொறுப்பாளர் இரண்டு பக்கம் எழுதித் தந்தார். அங்கே இருக்கிற வயோதிபர்கள் கை நடுங்க நடுங்கக் கையெழுத்து வைத்தார்கள். ஒரு பாட்டி, பெயர் என்னவாக இருந்தாலும் இவர்தான் உருளைக்கிழங்குக்குச் சரியாக உப்புப் போடுகிறவர், இவரை அனுப்பக்கூடாது என்று எழுதியிருந்தார். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன்.

ஐப்பசியில் லின்ட்னர் அம்மா தொலைபேசி எடுத்தார். குழு பரிந்துரைத்துவிட்டது, அமைச்சும் ஒத்துக்கொண்டது, மூன்று பேருக்கும் வதிவிட உரிமை என்றார். யாரும் கண்டுபிடிக்கும் முன் தானாக வந்து உண்மையைச் சொன்னதை எங்கள் பக்கமாகக் கணக்கில் எடுத்தார்களாம். நான் எதை மறைத்தால்தான் பிழைப்பேன் என்று நினைத்தேனோ, அதைச் சொன்னதால்தான் என்னைப் பிழைக்க வைத்தார் கர்த்தர். தர்சினியிடம் ஓடினேன். அவள் முழங்காலில் விழுந்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் பெயரைச் சொன்னாள், ஆண்டவரிடம். நான் குழந்தையைப்போல அழுதேன்.

எல்லாம் இனிப்பாக முடியவில்லை. அபிஷாவின் தாளிலும் பெயரை மாற்றவேண்டி வந்தது. “நான் ரவீந்திரன்தான்! ஸ்கூலில எல்லாருக்கும் அதுதான் தெரியும்! நீங்கள் ஏன் பொய் சொன்னனீங்கள்?” என்று இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

பாஸ்டரிடம் போய், திரும்பவும் ஞானஸ்நானம் எடுக்கவேண்டுமா என்று கேட்டேன். “தம்பி, தண்ணிக்குள்ள போனது நீரோ, உம்மட பேரோ? ஆரெண்டு தெரியாமலா அவர் உம்மை ஏற்றுக்கொண்டவர்? போம், போய் வேலையைப் பாரும்” என்றார்.

சகோதரரே, அக்காமாரே, உங்களில் இன்னும் சிலர் என்னைப்போல இருக்கிறீர்கள். பெயராக இருக்கலாம், ஊராக இருக்கலாம், வயதாக இருக்கலாம். எல்லாருக்கும் எனக்குக் கிடைத்ததே கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நாமே பூட்டிக்கொண்ட அந்த அறைக்குள் கர்த்தர் உங்களைத் தனியே விடமாட்டார் என்று சத்தியம் செய்வேன். லின்ட்னர் அம்மாவிடம் நானே கூட்டிக்கொண்டு போவேன், பக்கத்தில் இருப்பேன். ஞாயிறு கூட்டம் முடிய நான் பின் குசினியில் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பேன். வாருங்கள். கோப்பையை வாங்கும்போது மெதுவாக உங்கள் உண்மைப் பெயரை என்னிடம் சொல்லுங்கள். நானும் என்னுடையதைச் சொல்கிறேன். முதல் தடவை சொல்வதுதான் கஷ்டம்.