சிரிக்கச் சொன்னது நீதானே

என் மச்சாளோடு படம் பார்க்கப் போவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அறுபதுகளில் சனிக்கிழமைப் பகல் காட்சிக்கு மட்டக்களப்பு நகரத்துத் தியேட்டருக்கு அவளோடுதான் போனேன். அவள் என் தாய்மாமனின் மகள். இருவருக்கும் ஒரே வயது. ஒரே பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தோம், ஒரே மெதடிஸ்த கோயிலில் பாட்டுக் குழுவில் நின்றோம். கூடப் போக வேறு ஆளும் இல்லை.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் அவள் என் காதுக்குள் சொல்லிவிடுவாள். கதாநாயகனின் தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவாள். "இந்த மனிசி இடைவேளைக்கு முன்னம் போயிரும், புள்ள" என்பாள் மச்சாள். அந்த மனிசி போய்விடும். இன்னொரு படத்தில் வில்லனின் ஆட்கள் கதாநாயகனை மலையிலிருந்து தள்ளிவிட்டார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவன் செத்திட்டான்" என்றேன். "இல்ல. அந்தக் குண்டன் பழைய சைக்கிளோட வந்து கோழிக்கூட்டுக்குள்ள விழுந்தானே, அப்பவே தெரியும். இந்தப் படத்தில ஒருத்தரும் சாக மாட்டாங்க" என்றாள். ஒருவரும் சாகவில்லை. முன்வரிசைப் பெண்கள் திரும்பி, "டீச்சர், இனி என்ன நடக்கும்?" என்று அவளைக் கேட்பார்கள். நானும் டீச்சர்தான். என்னை ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கென்று ஒரு பெருமை இருந்தது. கோயிலில் கிறிஸ்து பிறப்புக்குப் போடும் நத்தார் நாடகத்தை எழுதுவது நான். அதுவரை எழுதியவையெல்லாம் வேதாகமக் கதைகள். மேய்ப்பர்கள், ஞானிகள், வெள்ளைத் துணி கட்டிய தேவதூதர். ஒரு வருடம் துணிந்து சொந்தக் கதை எழுதினேன். வாவியில் தோணி கொண்டுபோன ஒருவன் நத்தாருக்கு முதல்நாள் காற்றில் அகப்பட்டு இறந்துபோகிறான். வீட்டில் அவன் மனைவி காத்திருக்கிறாள். மனைவியாக நடித்தவள் மச்சாள்.

சனம் முதலில் கலகலப்பாக உட்காரட்டும் என்று தொடக்கத்தில் ஒரு குடிகாரனை வைத்தேன். தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவர் அதை நடித்தார். திரை விலகியதும் தள்ளாடி வந்து தண்ணீர் வாளிக்குள் காலை விட்டு விழுந்தார். மண்டபம் அதிர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசிக் காட்சியில் இறந்தவனைப் பாயில் வைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். ஆள் போதாததால் அந்தக் குடிகாரரும் ஒரு மூலையைப் பிடித்திருந்தார். அவரைக் கண்டதும் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். மச்சாள் தலைவிரி கோலமாக ஓடி வந்து பாயின்மேல் விழுந்தாள், அதற்கும் சிரித்தார்கள். போதகர் கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார்.

திரைக்குப் பின்னால் நின்று அழுதேன். மச்சாள் முகப்பவுடரைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சனத்துக்கு இரக்கம் இல்லையா? செத்த வீட்டிலயும் சிரிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"அவங்களில என்ன பிழை? முதல்ல சிரிக்கச் சொன்னது நீதானே. அவங்க நீ சொன்னதைத்தான் செய்தாங்க."

அவள் நக்கலாகச் சொல்லவில்லை. உப்புக் கூடிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. சில கிழமைகள் அவளோடு படத்துக்குப் போகவில்லை.

அடுத்த வருடம் நத்தார் நாடகத்தைச் செய்து தரும்படி நாடகக் குழு அவளிடம் கேட்டது. அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"எனக்குக் கதை கட்ட வராது. உன்ட தோணிக் கதையைத் தாறியா?"

"எடு" என்றேன். அது கவிழ்ந்ததை ஊரே பார்த்தது. அவளும் அதோடு கவிழட்டும் என்றுதான் கொடுத்தேன்.

நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். திரை விலகியபோது மேடையில் மச்சாள் மட்டும். ஒரு விளக்குச் சிமினியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹார்மோனியம் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டு நின்றது. வெளியே காற்றடிக்கும் சத்தம். அவள் துடைப்பதை நிறுத்திக் காது கொடுத்தாள், மறுபடி துடைத்தாள். ஒரு வசனமும் இல்லை. எனக்குப் பக்கத்தில் பிள்ளைக்கு முறுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள். கதை என்னுடையது, வசனங்களும் பெரும்பாலும் என்னுடையவை. குடிகாரரையும் அவள் விடவில்லை. அதே தபால் கந்தோர்க்காரர் அதே தள்ளாட்டத்தோடு நடுவில் வந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. இந்த மனிதன் கெட்ட செய்தி கொண்டு வருகிறான் என்று அவர் வாய் திறக்கு முன்பே மண்டபத்துக்குத் தெரிந்திருந்தது. பாயைத் தூக்கி வந்தபோது பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். நானும் அழுதேன். என் கதைக்கு, அவள் சொல்லி, நான் அழுகிறேன் என்ற ஆத்திரத்தில் இன்னும் அழுகை வந்தது.

முடிந்ததும் அவள் மேடையில் நின்று, "கதை எண்ட மச்சாள்ர" என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "உனக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்ல. வவுணதீவுப் பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்தனான்தானே. மத்தளமும் வரவுப்பாட்டும் கேட்டா வடமோடியா தென்மோடியா எண்டு சின்னப் பிள்ளையும் சொல்லும். வடமோடியெண்டா சண்டைக்கு மனசைத் தயாராக்குவம். தென்மோடியெண்டா காதலுக்கு. படமும் அப்படித்தான். முதல்ல எதுக்கோ கூப்பிடுறாங்க, நாம போறம்."

மாமாவுக்கு வாவிக்கு அப்பால் வயல் இருந்தது. அறுவடை முடிந்த காலங்களில் அவள் அங்கே கூத்துக் களரியின் முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். எங்கள் வீட்டில் கூத்து என்ற சொல்லையே எடுக்க விடமாட்டார் அப்பா. அன்றிலிருந்து அவளுடைய குழந்தைப் பருவத்தின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

பிறகு நான் தனியாகப் படத்துக்குப் போகத் தொடங்கினேன். கதையைப் பார்க்காமல் தொடக்கத்தைப் பார்த்தேன். ராசா ராணிப் படத்தில் முரசும் குதிரைச் சத்தமும் எழுத்தோட்டத்திலேயே வந்துவிடும். குடும்பப் படத்தில் சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பார்கள். பயப்படுத்தும் படம் வெறும் கதவைத்தான் முதலில் காட்டும். வானொலியிலும் பாட்டு வருமுன் அடிக்கும் தாளத்தை வைத்தே கொண்டாட்டமா பிரிவா என்று சொல்லப் பழகினேன். என் மூளைக்கு மெதுவாகத்தான் ஏறியது. ஒன்று மட்டும் விளங்கியது. என் குடிகாரர் வாளிக்குள் விழுந்த காட்சியில் பிழையே இல்லை. அதற்குப் பின்னால் பிணத்தைக் கொண்டுவந்ததுதான் பிழை.

அதனால் அடுத்த நாடகத்தில் ஒருவரையும் சாகடிக்கவில்லை. நத்தார்க் கேக்குக்கு வைத்த முந்திரிகையை ஒரு வீட்டில் ஆளாளுக்கு ஒளித்துத் தின்னும் கதை. தபால் கந்தோர்க்காரர் மூன்று முறை விழுந்தார். தொடக்கம் முதல் முடிவு வரை மண்டபம் சிரித்தது. போதகர் இந்தமுறை வாயை மூடவில்லை.

அதற்குப் பிறகு நத்தாருக்கு அவள் நாடகம், புதுவருடத்துக்கு என் நாடகம் என்று குழு ஏற்பாடு செய்தது. அவள் ஒரு வருடம் அழவைத்தாள், ஒரு வருடம் ராசா கதை போட்டாள், ஒரு வருடம் பேய்க் கதையால் பிள்ளைகளைத் தாய்மாரின் மடியில் ஏற்றினாள். நான் சிரிப்பு மட்டும். ஒருமுறை சோகமாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். என் பேரைக் கேட்டதுமே சனம் சிரிக்கத் தயாராகிவிடும் என்று குழுவில் இருந்த ஒரு அக்கா அன்பாகத் திருப்பித் தந்தார்.

ஒரு புதுவருடத்தில் இடம் போதாமல் ஆட்கள் யன்னல்களில் தொங்கிக்கொண்டு என் நாடகத்தைப் பார்த்தார்கள். மச்சாள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "எண்ட நாடகத்துக்கு இவ்வளவு சனம் வந்ததே இல்ல, புள்ள!" என்றாள்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஒரு சின்ன வாட்டம், ஒரு சின்னக் கசப்பு எங்காவது தெரிகிறதா என்று தேடினேன். இருக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.